ஜன்ஸ்கார் ஆற்றில் கயாக் பயணம்: அனுபவம் உள்ளவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

லடாக்கில் பதும் ஊருக்குப் பக்கத்தில் சாரப், தோடா என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்து ஜன்ஸ்கார் ஆகின்றன. அங்கிருந்து வடக்கே மலையைப் பிளந்துகொண்டு போய் நிம்முவில் சிந்துவோடு கலக்கிறது. கயாக்கில், அதாவது உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய சிறு படகில், போனால் நான்கைந்து நாள். ரேப்பிட்கள், அதாவது நீர் வேகமெடுத்து அலை உடையும் இடங்கள், கடினத்தை 1 முதல் 6 வரை அளக்கும் கணக்கில் பெரும்பாலும் 3ஆம் நிலை. நீர் ஏறியிருந்தால் சில இடங்கள் 4ஆம் நிலைக்குப் போகும்.

ரிஷிகேஷில் கங்கையில் இதே நிலை ரேப்பிட்களைச் சிரித்துக்கொண்டே ஓட்டியவர்கள் இங்கே முதல் நாளே தடுமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பனி உருகி வரும் நீரின் குளிர், 3,500 மீட்டர் உயரத்தில் மூச்சுக்குத் தவிப்பு, கரையேற இடம் தராத பாறைச் சுவர்கள், இந்த மூன்றும் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, சரியான வரிசையில் பழகிக்கொண்டால் ஆறு நன்றாகவே நம்மை ஏற்றுக்கொள்ளும். வரிசை மாறினால்தான் சிக்கல். அதனால் கீழே உள்ள படிகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

1. வீட்டிலேயே தகுதியைச் சோதியுங்கள்

வழிகாட்டி கூட வருகிறார் என்பதற்காக இது கற்றுக்கொள்ளும் பயணம் ஆகிவிடாது. அவர் பாதை காட்டுவார், கவிழ்ந்தால் துரத்தி வருவார். உங்கள் படகை நீங்கள்தான் ஓட்ட வேண்டும்.

குறைந்தபட்சம் இவை கையில் இருக்க வேண்டும்: ஓடும் நீரில் இரண்டு பக்கமும் நிற்கும் ரோல் (கவிழ்ந்த படகை உள்ளே இருந்தபடியே நிமிர்த்துவது), 3ஆம் நிலை ரேப்பிட்டை அடுத்தவர் பின்னால் போகாமல் தானே பார்த்து ஓட்டும் பழக்கம், பாறைக்குப் பின்னால் நீர் திரும்பிச் சுழலும் இடத்தில், அதாவது எடியில், நினைத்த இடத்தில் நினைத்தபடி நுழைவது, ஆற்றைக் குறுக்கே கடக்கும் ஃபெர்ரி.

நீச்சல் குளத்தில் போடும் ரோலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குளத்தில் கவிழ்வதற்கு முன் மூச்சை இழுத்துக்கொள்கிறோம். ஆற்றில் பாதி மூச்சில்தான் கவிழ்வோம். அதனால் பயிற்சியிலும் மூச்சை முழுவதும் வெளியே விட்டுவிட்டுக் கவிழ்ந்து எழுந்து பாருங்கள். அப்படிப் பத்துக்கு எட்டு முறை எழ முடிந்தால் சரி.

பயிற்சிக்கு நம்மவர்களுக்கு இரண்டு நல்ல இடங்கள் உண்டு. மார்ச் முதல் ஜூன் வரை ரிஷிகேஷுக்கு மேலே கங்கை. பெரிய நீரின் தள்ளுதலும் கொப்பளிப்பும் அங்கேதான் புரியும். மழைக்காலத்தில் கோழிக்கோடு பக்கம் கோடஞ்சேரியில் சாலிப்புழை. அங்கே பாறைகளுக்கிடையே விரைவாக முடிவெடுக்கப் பழகலாம். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க முடியுமென்றால் கங்கைக்குப் போங்கள். ஜன்ஸ்காரின் குணம் அதற்குத்தான் நெருக்கம்.

2. அமைப்பாளரிடம் கேட்க வேண்டியவை

பணம் கட்டுவதற்கு முன் பேசுங்கள். நல்ல அமைப்பாளர் உங்களிடமும் கேள்வி கேட்பார். கடைசியாக எங்கே ஓட்டினீர்கள், எப்போது படகை விட்டு வெளியே வந்து நீந்த நேர்ந்தது என்று எதுவுமே விசாரிக்காமல் இடம் தருகிறவர் என்றால் எனக்குத் தயக்கம்தான். உங்களோடு வரும் மற்றவர்களையும் அவர் விசாரித்திருக்க மாட்டார்.

கேட்க வேண்டியவை: எத்தனை கயாக்குகளுக்கு எத்தனை வழிகாட்டிகள்? மூன்று நான்கு பேருக்கு ஒருவராவது வேண்டும். பொருட்களைச் சுமக்க ராஃப்ட், அதாவது காற்றடைத்த பெரிய ரப்பர் படகு, வருகிறதா? மலையிடுக்கில் ராஃப்ட் என்பது மிதக்கும் கரை. நீந்துகிறவர் ஏறிக்கொள்ள வேறு இடம் இருக்காது. முதலுதவி தெரிந்தவர் யார்? ஆபத்தில் வெளியே தகவல் சொல்ல என்ன ஏற்பாடு?

இந்தக் கடைசிக் கேள்வியில் ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பது குற்றம். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சிறு கருவிகளுக்கும் இதே கதிதான். வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்கள் இதை அறியாமல் பையில் போட்டுக்கொண்டு வந்து விமான நிலையத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கைபேசியிலும் வெளிமாநில ப்ரீபெய்டு எண் லடாக்கில் வேலை செய்யாது; போஸ்ட்பெய்டு வேண்டும். மலையிடுக்கின் பெரும்பகுதியில் அதுவும் கிடைக்காது.

பருவம் பற்றியும் கேளுங்கள். ஜூலை பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை நீர் மிக அதிகம். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நீர் இறங்கி, ஆறு கொஞ்சம் தெளியும், குளிர் கூடும். முதல்முறை வருபவர்களுக்கு நான் ஆகஸ்ட் கடைசி வாரத்தைத்தான் சொல்வேன்.

நிம்மு, பதும், தார்ச்சா ஊர்களை இணைக்கும் 298 கிலோமீட்டர் சாலை 2024 மார்ச்சில் இணைந்துவிட்டது. மலையிடுக்கில் முன்பு ஆறு மட்டுமே இருந்த நீளங்களில் இப்போது மேலே சாலை போகிறது. அவசரத்துக்கு அது உதவும். ஆனால் சாலைக்காக வெடி வைத்துத் தள்ளிய பாறைகள் ஆற்றில் விழுந்து சில இடங்களில் ஓட்டத்தையே மாற்றியிருக்கின்றன. பழைய வரைபடத்தையும் பழைய காணொளியையும் நம்பி வராதீர்கள். அமைப்பாளர் இந்தப் பருவத்தில் ஒருமுறையாவது இறங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள்.

3. எதைக் கொண்டு போவது, எதை வாடகைக்கு எடுப்பது

உடம்பில் ஒட்டுவதெல்லாம் உங்களுடையதாக இருக்கட்டும்: டிரைசூட் (நீர் உள்ளே புகாத முழு உடை), லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், காலணி, மூக்குக் கிளிப். கயாக்கை லேவில் வாடகைக்கு எடுக்கலாம். அவ்வளவு நீளமான படகை விமானத்தில் ஏற்றுவது பெரும்பாடு.

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். படகின் வாயை நீர் புகாமல் இடுப்போடு சேர்த்து மூடும் ஸ்பிரே ஸ்கர்ட்டைச் சொந்தமாகக் கொண்டு வருவார்கள்; வாடகைப் படகின் வாய் அளவுக்கு அது பொருந்தாது. இறுக்கமாக இருந்தால் கவிழ்ந்த நேரத்தில் கழற்ற முடியாது. தளர்வாக இருந்தால் முதல் பெரிய அலையிலேயே பிய்த்துக்கொண்டு படகு நிறைந்துவிடும். எந்தப் படகு, என்ன மாடல் என்று முன்பே கேட்டு, அதற்கேற்ற ஸ்கர்ட்டைக் கொண்டு வாருங்கள். இடுப்புக்கும் முழங்காலுக்கும் வைக்க ஃபோம் துண்டுகளும் ஒட்டும் நாடாவும் பையில் இருக்கட்டும். படகில் உடம்பு ஆடினால் ரோல் நிற்காது.

படகு கொஞ்சம் பெரியதாகவே இருக்கட்டும். சிறிய விளையாட்டுப் படகில் வந்து, சுழிகள் பின்பகுதியை இழுத்து இழுத்து நாள் முழுவதும் போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன். நிறையக் காற்று கொள்ளும் படகு சுழியிலிருந்து தானே மேலே வந்துவிடும்.

நனைந்தபடியே சூட்டைக் காக்கும் ரப்பர் உடையான வெட்சூட் போதுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போதாது. நாள் முழுவதும் நனைந்து, மாலைக் காற்றில் கரையில் நிற்க வேண்டியிருக்கும். டிரைசூட்டுக்குள்ளே கம்பளி அல்லது ஃப்ளீஸ் போடுங்கள். பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் அதுவே குளிரைப் பிடித்து வைக்கும்.

டிரைசூட்டின் கழுத்து, மணிக்கட்டு ரப்பர்கள் லடாக்கின் வறட்சியிலும் வெயிலிலும் சட்டென்று வெடிக்கும். கிளம்புவதற்கு முன் இழுத்துப் பாருங்கள். மெல்லிய வெடிப்பு தெரிந்தாலும் ஊரிலேயே மாற்றிவிடுங்கள். மாற்று ரப்பரும் பசையும் குழுவுக்கு ஒரு தொகுப்பாவது வேண்டும். துடுப்பும் அப்படித்தான்: பிரித்து வைக்கும் உபரித் துடுப்பு ஒன்று ராஃப்ட்டில் வைத்தால் பயனில்லை, ஒரு கயாக்கில் இருக்க வேண்டும்.

கைகளுக்குத் துடுப்போடு இணைத்துப் போடும் உறை நல்லது. கையுறை போட்டால் துடுப்பின் பிடி விரலுக்குத் தெரியாது.

4. லேவில் உடம்பு பழகும் வரை

சென்னையிலிருந்து டெல்லி வழியாகப் பறந்தால், கடல் மட்டத்தில் இருந்தவர் அடுத்த நாள் காலை 3,500 மீட்டரில் நிற்கிறார். முதல் இரண்டு நாள் எதுவும் செய்யாதீர்கள். உண்மையிலேயே எதுவும். கடைத்தெரு வரை மெதுவாக நடக்கலாம், அவ்வளவுதான். நன்றாகத் தண்ணீர் குடியுங்கள், மதுவைத் தொடாதீர்கள்.

தலைவலி, வாந்தி உணர்வு, தூக்கமின்மை இருந்தால் வழிகாட்டியிடம் சொல்லுங்கள். மறைப்பவர்கள்தான் அதிகம். பயணத்திலிருந்து நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். முதல் நாளே சொன்னால் ஒரு நாள் தள்ளிப்போடலாம். நடு வழியில் சொன்னால் எல்லோரும் திரும்ப வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி.

உயரத்துக்கு உடம்பு பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரை எடுப்பதா என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கயாக் ஓட்டுபவர்களுக்கு இதில் இரண்டு கூடுதல் விஷயம் உண்டு. ஒன்று, அடிக்கடி சிறுநீர் வரும். டிரைசூட்டை முழுவதும் கழற்ற முடியாமல் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அது உயர நோயை வரவேற்பதற்குச் சமம். சிறுநீருக்கான ஜிப் உள்ள டிரைசூட்டாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு, இந்த மாத்திரையால் விரல் நுனிகள் மரத்து ஊசி குத்தும். ஆற்றில் அதைக் குளிர் என்று நினைத்து மிரள்வோம், அல்லது உண்மையான குளிரை மாத்திரை என்று நினைத்து அலட்சியம் செய்வோம். லேவில் இருக்கும்போதே அந்த உணர்வு எப்படி இருக்கிறது என்று கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. கடைசிப் பகுதியை முதலில் ஓட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் அல்லது நான்காம் நாள், பதுமுக்குக் கிளம்புவதற்கு முன், சிலிங்கிலிருந்து நிம்மு வரை ஒரு நாள் ஓட்டுங்கள். ஜன்ஸ்காரின் கடைசிப் பகுதி அது. சுற்றுலாப் பயணிகள் தினமும் ராஃப்ட்டில் வரும் நீளம். ரேப்பிட்கள் எளியவை. பக்கத்திலேயே சாலை, லேவுக்கு ஒன்றரை மணி நேரம்.

இதே நீர், இதே குளிர், ஏறக்குறைய இதே உயரம். மாட்டிக்கொண்டால் வெளியேற வழி உண்டு. வாடகைப் படகு பொருந்துகிறதா, டிரைசூட் ஒழுகுகிறதா, குழுவில் யார் எப்படி என்பதெல்லாம் அன்று மாலைக்குள் தெரிந்துவிடும்.

அன்று மூன்று காரியம் செய்யுங்கள். முதலில் கரையோர ஆழத்தில் வேண்டுமென்றே கவிழ்ந்து ரோல் போடுங்கள். முதல் தடவை நெற்றி சம்மட்டியால் அடித்ததுபோல் வலிக்கும். மூச்சு நின்று, உடனே ஸ்கர்ட்டைப் பிடுங்கத் தோன்றும். இரண்டாம் தடவை அந்த அதிர்ச்சி பாதியாகும். மூன்றாம் தடவை யோசிக்க முடியும். பிறகு படகை விட்டு வெளியே வந்து ஒரு நிமிடம் நீந்துங்கள். கடைசியாக, நீந்துகிறவரை இழுக்க வீசும் கயிற்றுப் பையை நனைந்த கையோடு வீசிப் பாருங்கள்; விரல் எவ்வளவு சீக்கிரம் சொல்பேச்சு கேட்காமல் போகிறது என்று தெரியும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு அமைப்பாளர் நாள் மிச்சம் பிடிக்க இந்த ஒத்திகையை விட்டுவிட்டார். மலையிடுக்கின் முதல் நாளிலேயே ஒருவரின் கழுத்து ரப்பர் கிழிந்தது, மாற்று இல்லை. மீதி மூன்று நாளும் அவர் ராஃப்ட்டில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து வந்தார். அவ்வளவு தூரம் வந்த மனிதர். இன்றும் அதை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

6. பதும் போகும் வழி

லேவிலிருந்து கார்கில், ரங்தும், 4,400 மீட்டரில் பென்சி லா கணவாய், பிறகு பதும். இரண்டு நாள் பயணம். இடையில் தாழ்வான கார்கிலில் ஒரு இரவு தங்குவது உடம்புக்கு நல்லது.

மணாலியிலிருந்து ஷிங்கு லா வழியாக நேரே வரலாமே என்று கேட்பார்கள். அந்தக் கணவாய் 5,000 மீட்டருக்கு மேல். உடம்பு பழகாமல் அதைத் தாண்டி வந்து அடுத்த நாள் ஆற்றில் இறங்குவது வேண்டாம்.

வண்டிக்கு மேலே கட்டிய படகுகளை ஒவ்வொரு நிறுத்தத்திலும் இழுத்துப் பாருங்கள். அந்தச் சாலையில் பட்டைகள் தளரும்.

7. படகில் ஏறும் முன் கரையில்

டிரைசூட்டின் ஜிப்பை இன்னொருவர் பார்க்க வேண்டும், சிறுநீர் ஜிப்பையும் சேர்த்து. பிறகு கழுத்து ரப்பரை விரலால் விலக்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். காற்றோடு விட்டால் நீந்தும்போது பலூன்போல் மிதப்போம், கை வீச முடியாது.

சைகைகளை எல்லோரும் செய்து காட்டிச் சரிபாருங்கள். துடுப்பு நிமிர்ந்து நின்றால் வா. படுக்கையாகத் தூக்கினால் நில். ஒரு பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கமாக வா. கை காட்டுவது எப்போதும் போக வேண்டிய பக்கம்தான், ஆபத்து இருக்கும் பக்கம் அல்ல. தலையில் தட்டினால் நலம். மூன்று விசில் என்றால் உதவி. ஊருக்கு ஊர் சிறு மாற்றம் இருப்பதால்தான் அனுபவசாலிகளும் தினமும் இதைச் செய்ய வேண்டியிருக்கிறது.

வரிசை: முன்னால் வழிகாட்டி, கடைசியில் இன்னொருவர். முன்னால் போகிறவரை யாரும் தாண்டக் கூடாது. இருவருக்கிடையே நான்கைந்து படகு நீளம். ஒட்டிக்கொண்டே போனால் எடியில் இடம் இருக்காது. முதலில் நுழைந்தவரைப் பின்னால் வருபவர் இடித்து வெளியே தள்ளிவிடுவார். எடியில் நுழைந்ததும் உள்பக்கம் ஒதுங்கிப் பின்னால் வருபவருக்கு இடம் விடுங்கள்.

8. மலையிடுக்கில் ஓட்டுவது

பதுமிலிருந்து முதல் நாள் ஆறு அகலமாக, சமவெளியில் பரந்து போகும். பித்மோ தாண்டிய பிறகு மலைகள் நெருங்கும். நேரக் பக்கம் வரும்போது அகன்று கிடந்த அத்தனை நீரும் ஒடுங்கிய ஒரு சந்துக்குள் புகுந்து போகிறது. நீர் பக்கவாட்டில் விரிய முடியாததால் ஆழமாகிறது. அடியிலிருந்து கொப்பளித்து மேலே வருகிறது.

நீரில் வண்டல் அதிகம். ஓரிடத்தில் துடுப்பை நிறுத்திக் காது கொடுங்கள், படகின் அடியில் எண்ணெய் காய்வதுபோல் ஒரு சீறல் கேட்கும். வண்டல் உரசும் சத்தம் அது. இந்த நீரில் மேற்பரப்புக்குக் கீழே எதுவும் தெரியாது. கல் இருக்கிறதா என்று கண்ணால் தேடாமல், அலை எங்கே உடைகிறது, நீர் எங்கே மேடாகிறது என்று பார்த்துப் படியுங்கள்.

சுவரை நோக்கி நீர் தள்ளினால் சுவரின் பக்கமே சாயுங்கள். பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் நீர் வரும் பக்கத்துப் படகு விளிம்பை நீர் பிடித்து அந்த நொடியே கவிழ்த்துவிடும். சுவரில் மோதித் திரும்பும் நீர் மெத்தைபோல் தாங்கும், அதை நம்புங்கள்.

எடியின் கோடு இங்கே கோடாக இருக்காது, சுழிகள் வரிசையாக உருண்டு போகும் ஒரு பட்டையாக இருக்கும். அதைத் தாண்ட வேகம் வேண்டும். தயங்கித் தயங்கி நுழைபவர்கள் அந்தப் பட்டையின் மேலேயே நின்றுவிடுகிறார்கள். கவிழ்வதில் பெரும்பாலானவை அங்கேதான் நடக்கின்றன. கொப்பளிப்பு தூக்கும்போது துடுப்பைக் காற்றில் வைக்காதீர்கள். நீரில் இருக்கும் துடுப்புதான் மூன்றாவது கால்.

காலை ஒன்பது மணிவாக்கில் இறங்கி, பிற்பகல் இரண்டு மூன்றுக்குள் முகாமில் இருக்கப் பாருங்கள். அதற்கு மேல் ஆற்றுக்கு எதிராகக் காற்று கிளம்பும். தட்டையான நீளங்களில் அது தோளை முறித்துவிடும். களைத்த தோளோடு அடுத்த ரேப்பிட்டுக்குப் போகக் கூடாது.

9. கவிழ்ந்தால்

முதல் ரோல் தவறினால் ஸ்கர்ட்டைத் தொடாதீர்கள். கொப்பளிக்கும் நீரில் துடுப்புக்குப் பிடிமானம் கிடைக்காமல் போவது சகஜம். உடம்பைச் சுருட்டி, மீண்டும் தொடக்க நிலைக்கு வந்து, இரண்டு எண்ணிவிட்டு மறுபடி போடுங்கள். ஆழமான ஆறு, தலை கல்லில் மோதும் வாய்ப்பு குறைவு. காத்திருக்க இடம் தரும் ஆறு இது.

வெளியே வரத்தான் வேண்டும் என்றால், முதல் ஒரு நிமிடம் குளிர் அதிர்ச்சியில் மூச்சு கட்டுக்குள் இருக்காது. படகைப் பிடித்துக்கொண்டு மூச்சை மட்டும் கவனியுங்கள். அடுத்து ஏறக்குறைய பத்து நிமிடம்தான் கையும் விரலும் உருப்படியாக வேலை செய்யும். அந்தப் பத்து நிமிடத்தைப் படகைக் காப்பாற்றச் செலவழிக்காதீர்கள். ராஃப்ட் அல்லது வழிகாட்டியின் படகு எது பக்கமோ அதை நோக்கிக் கவிழ்ந்து படுத்து வேகமாக நீந்துங்கள். மல்லாந்து கால் நீட்டி மிதப்பது பாறை நிறைந்த ஆழமற்ற இடங்களுக்கு. இங்கே அப்படி மிதந்தால் அடுத்த ரேப்பிட்டுக்குத்தான் போய்ச் சேர்வோம்.

காப்பாற்றப் போகிறவர் முதலில் ஆள், பிறகு படகு, கடைசியில் துடுப்பு என்று போக வேண்டும். ஒரே நேரத்தில் எல்லோரும் படகைத் துரத்தி ஓடி, நீந்துகிறவர் தனியாக விடப்பட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கரையேறியதும் அவருக்குச் சூடாக இனிப்பான தேநீர், தலைக்குக் கம்பளித் தொப்பி, குறைந்தது அரைமணி ஓய்வு. நடுக்கம் நிற்காமல் மறுபடி படகில் ஏற்றாதீர்கள்.

10. முகாமில்

மதிய வெயிலில் உருகிய பனி மலையிலிருந்து இங்கே வந்து சேர மாலையோ இரவோ ஆகும். அதனால் ஆறு பெரும்பாலும் நாம் தூங்கும்போதுதான் ஏறுகிறது. கரையேறியதும் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். படுக்கும் முன்பும் எழுந்ததும் பாருங்கள். படகுகளைக் கூடாரங்களுக்கும் மேலே தூக்கி ஒன்றோடொன்று கட்டுங்கள்.

கூடாரம் பாறைச்சரிவின் அடியில் வேண்டாம். காற்றிலும் மழையிலும் கற்கள் உருளும். மேலே சாலை வேலை நடக்கும் இடமென்றால் மதிய உணவுக்குக்கூட அங்கே நிற்காதீர்கள்.

குடிநீரைப் பக்கவாட்டில் விழும் ஓடைகளிலிருந்து எடுத்துச் சுத்திகரியுங்கள். ஆற்று நீரின் வண்டல் வடிகட்டியை ஒரே நாளில் அடைத்துவிடும். கரையில் ஒதுங்கிய மரக்கட்டைகளை எரிக்க வேண்டாம். மரம் அரிதான இந்த ஊரில் கிராமத்தாருக்கு அது விறகு. மலக்கழிவு உட்பட எல்லாம் பெட்டியில் நம்மோடே திரும்ப வேண்டும். முகாம் போட மணல் திட்டுகள் கொஞ்சம்தான், எல்லாக் குழுவும் அங்கேதான் இறங்குகிறது.

இரவில் டிரைசூட்டின் ஜிப்பை நல்ல நீரில் கழுவி, பல் துலக்கும் பிரஷ்ஷால் வண்டலைத் தட்டிவிட்டு மெழுகு தேயுங்கள். இரண்டு நிமிட வேலை. செய்யாதவர்களின் ஜிப் மூன்றாம் நாள் பாதியில் நின்றுவிடும்.

11. நிம்முவில் கரையேறுதல்

சிலிங் தாண்டியதும் கை தளரும். ஏற்கெனவே ஓட்டிய நீளம்தானே என்ற நினைப்பு வரும். ஒத்திகை நாளில் இருந்த நீர் மட்டம் இன்று இருக்காது. சைகையும் வரிசையும் கடைசி வரை அப்படியே இருக்கட்டும்.

நிம்முவில் ஜன்ஸ்காரின் கலங்கிய நீரும் சிந்துவின் தெளிந்த நீரும் சேருமிடத்தில் வேறுபட்ட ஓட்டங்கள் மோதிச் சுழிகள் உண்டாகும். எல்லோரும் படம் எடுக்கத் துடுப்பைத் தூக்கும் இடமும் அதுதான். முதலில் கரையேறுங்கள், பிறகு படம்.

லேவிலிருந்து விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான்; வானிலை சரியில்லை என்றால் ரத்தாகிவிடும். திரும்பும் டிக்கெட்டை ஒரு நாள் இடைவெளி விட்டு எடுங்கள். அந்த நாளில் டிரைசூட்டை நிழலில் உட்புறம் வெளியே திருப்பிக் காயப்போடுங்கள். வெயிலில் போட்டால் ரப்பர் போய்விடும்.